எரிந்த நூலகமும் எழுதப்பட்ட நினைவும்

இறந்தோரை நினைவுகூர்வதில் யாழ்ப்பாணத்தார்க்குத் தனியானதொரு முறைமை உண்டு. ஒருவர் கண்மூடியதும் அவர் பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பெற்றோர், துணைவர், மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தார் என ஒருவர் பெயரும் விடுபடாமல் மரண அறிவித்தல் பத்திரிகையில் வெளிவரும். முப்பத்தோராம் நாளில் அவருடைய வாழ்க்கை வரலாறும், தேவார திருவாசகங்களும், இரங்கற் பாக்களும், வம்சாவளியும் அடங்கிய 'கல்வெட்டு' எனப்படும் சிறு நூல் அச்சிடப்பெற்று, வந்தோர் கையில் வழங்கப்படும். ஆண்டுத் திவசத்தன்று அதே முகம் பத்திரிகையில் மீண்டும் தோன்றும். கல்லில் வெட்டாத இக்கல்வெட்டுகளைத் தொகுத்தாலே குடாநாட்டின் சமூக வரலாற்றிற் பெரும்பகுதியை எழுதிவிடலாம்.

தனிமனிதரின் இறப்பில் இத்துணைக் கவனம் செலுத்தும் சமுதாயம், ஊர் முழுவதற்கும் பொதுவான துயரொன்று நேரும்போது அதனை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் செய்தித்தாளிடமே ஒப்படைத்துவிடுகின்றது. செய்தித்தாள் எதனை முதற்பக்கத்தில் இட்டது, எந்தப் படத்தைத் தெரிந்தெடுத்தது, எந்த எண்ணைத் தலைப்பாக்கியது, ஆண்டுதோறும் எந்த நாளில் எதனைத் திரும்பச் சொல்லிற்று என்பனவே பின்வரும் தலைமுறைக்கு நினைவாக வந்து சேர்கின்றன. அது சொல்லாது விட்டவை நிகழாதவை போலாகின்றன. இவ்வுண்மையை விளக்க 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட நிகழ்ச்சியிலும் தக்க சான்று கிடைத்தல் அரிது. ஏனெனில் அந்நாள்களில் நூலகத்தோடு, அது எரிந்த செய்தியைச் சொல்ல வேண்டிய பத்திரிகையும் எரிக்கப்பட்டது.

நூலகத்தின் தொடக்கம் எளியது. 1933இல் க. மு. செல்லப்பா என்பார் தமது இல்லத்திலேயே இலவச நூலகமொன்றை நடத்தினார். அது அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் பொது நிறுவனமாயிற்று. பின்னர் நகரசபையின் பொறுப்பிற்கு வந்தது. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த திட்டத்திற்கும், நூலகவியலறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் வழங்கிய ஆலோசனைக்கும் இணங்க எழுந்த புதிய மாளிகைக்கு 1954 மார்ச் 29இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1959 ஒக்டோபர் 11இல் அது திறந்துவைக்கப்பட்டது. அதே 1959ஆம் ஆண்டில்தான் யாழ்ப்பாண மண்ணிலிருந்து 'ஈழநாடு' என்னும் பத்திரிகையும் தோன்றியது. தலைநகரிலன்றிப் பிரதேசமொன்றிலிருந்து நாளிதழாக நிலைபெற்றுப் பெயர் பெற்றது அது. அதுவரை கொழும்பிலிருந்து வரும் இதழ்களையே எதிர்பார்த்திருந்த குடாநாட்டு வாசகன், தன் ஊர்ச் செய்தியைத் தன் ஊரிலேயே அச்சான தாளில் படிக்கத் தொடங்கினான். ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரு நிறுவனங்களும் அடுத்த இருபத்திரண்டு ஆண்டுகள் ஒன்றையொன்று சார்ந்தே வளர்ந்தன. நாள்தோறும் அச்சானதை ஒன்று வழங்கியது. மற்றையது அதனைப் பேணி வைத்தது.

1981 யூன் 4இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடைபெறவிருந்தது. மே 31ஆம் திகதி நாச்சிமார் கோயிலடியில் தமிழர் விடுதலைக் கூட்டணி நடத்திய கூட்டத்தில் துப்பாக்கிச் சூடு இடம்பெற்றுப் பொலிசார் இருவர் உயிரிழந்தனர். அன்றிரவு தொடங்கிய வன்செயல் அடுத்த நாள்களிலும் ஓயவில்லை. பொலிசாரும் அவர்களுடன் சேர்ந்தோரும் கடைகளுக்குத் தீயிட்டனர். கூட்டணியின் தலைமைப் பணிமனையும், யாழ்ப்பாணப் பாராளுமன்ற உறுப்பினர் வெ. யோகேஸ்வரனின் இல்லமும், பூபாலசிங்கம் புத்தகசாலையும், 'ஈழநாடு' பணிமனையும் எரிந்தன. தமிழ்ப் பெரியார்களின் சிலைகள் உடைக்கப்பட்டன. வீடுகளிலிருந்து இழுத்துவரப்பட்ட நால்வர் கொல்லப்பட்டனர். நூலகம் அதன் நூல்களோடும் ஏடுகளோடும் சாம்பராயிற்று. அமைச்சர்களான சிறில் மத்தியூவும் காமினி திசாநாயக்கவும் அவ்வேளையில் யாழ்ப்பாணத்திலேயே தங்கியிருந்தனர். இக்குற்றத்திற்காக எவரும் இன்றுவரை நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை.

இங்குச் சற்று நின்று நோக்க வேண்டிய ஒன்றுண்டு. பெருந்துயரொன்று நிகழ்ந்த மறுநாட் காலையில் வெளிவரும் பத்திரிகை, பிழைகள் மலிந்ததாயினும், பின்னர் எழும் எல்லா வரலாறுகளுக்கும் முதற்படியாகின்றது. நிருபர் ஓடிச் சென்று கேட்ட பெயர்கள், பார்த்த மணிநேரம், எண்ணிய உடல்கள் ஆகியன அதிலேயே முதன்முதற் பதிவாகின்றன. 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திற்கு வேண்டியிருந்த அம்முதற்படியை எழுதத்தக்க அச்சுக்கூடமே தீக்கிரையாயிற்று. தெற்கின் நாளிதழ்களோ அந்நெருப்புக்கு உரிய இடத்தைத் தரவில்லை. அவற்றுட் பெரிய நிறுவனமான ஏரிக்கரை இல்லம் 1973 முதல் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆகவே நூலகம் எரிந்த செய்தி வாய்மொழியாகவே ஊர்களுக்குச் சென்றது. தெல்லிப்பழையிலும் பருத்தித்துறையிலும் இருந்தோர் பஸ்ஸில் வந்தவர் சொல்லக் கேட்டனர். சுவரையும் சாம்பரையும் நேரிற் சென்று கண்டனர். பன்மொழிப் புலவரான தாவீது அடிகள் புனித பத்திரிசியார் கல்லூரியின் மாடியிலிருந்து அத்தீயைக் கண்டு அதிர்ச்சியால் உயிர்நீத்தார் என்ற செய்தியும் அவ்வாறே பரவி, அத்துயரத்தின் பிரிக்கவொண்ணாப் பகுதியாயிற்று.

பத்திரிகை விட்ட இடத்தைப் பிறர் நிரப்ப முயன்றனர். இன நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்தைச் சேர்ந்த தென்னிலங்கையர் நேரில் வந்து விசாரித்து அறிக்கை எழுதினர். அனைத்துலகச் சட்ட வல்லுநர் ஆணைக்குழுவிற்காக வேர்ஜினியா லியறி அம்மையாரும் எழுதினார். எம். ஏ. நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை' என்ற கவிதை, செய்தித்தாள் எட்டாத இடங்களுக்கெல்லாம் அந்நெருப்பைக் கொண்டுசென்றது. 1982இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கில வார இதழாகச் 'சற்றர்டே ரிவியூ' எஸ். சிவநாயகத்தை ஆசிரியராகக் கொண்டு எழுந்து, தமிழறியாதோர்க்கும் யாழ்ப்பாணத்தின் நிலையை உணர்த்தியது. 1983 யூலையில் அதுவும் தடைசெய்யப்பட்டது. 'ஈழநாடு' தன் சாம்பரிலிருந்து மீண்டும் எழுந்து வெளிவந்தது. இவையனைத்தும் போற்றத்தக்க முயற்சிகளே. ஆயினும் இவற்றுள் எதுவும் மறுநாட் காலைப் பத்திரிகையின் இடத்தை நிரப்பியிருத்தல் இயலாது. அறிக்கை ஆய்ந்து கூறும். கவிதை உணர்ந்து கூறும். இன்ன வீதியில், இன்ன வீட்டில், இன்னாரின் மகன் என்று கூறுவது பத்திரிகையின் தொழில்.

அம்முதற்படி இன்மையின் விளைவு நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் தெரிகின்றது. நூலகம் எரிந்த நாளைச் சில இதழ்கள் மே 31 எனக் குறிக்கின்றன. வேறு சில யூன் 1 என்கின்றன. எரிந்த நூல்களின் தொகை 97,000 என்பது பெருவழக்கு. 1981ஐ அடுத்து எழுந்த அனைத்துலக அறிக்கைகளில் 95,000 என்ற எண்ணே காணப்படுகின்றது. மயில்வாகனப் புலவரின் 'யாழ்ப்பாண வைபவமாலை'யின் எஞ்சியிருந்த ஒரே படி அன்று எரிந்தது என்று மீள மீள எழுதப்படுகின்றது. அந்நூலை 1879இலேயே பிறிற்றோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிட்டார், குல. சபாநாதனின் தமிழ்ப் பதிப்பும் உண்டு. இன்றும் அது கடையிற் கிடைக்கின்றது. எரிந்தது அந்நூலின் அரிய ஏடொன்று எனில் அதுவே போதிய இழப்பு. அதனை உலகின் ஒரே படியாக்குவதால் இழப்புப் பெரிதாவதில்லை. சொன்னவரின் நம்பகம் சிறிதாகின்றது. கடையில் அந்நூலைக் காணும் ஐயறவாளன், ஏனைய இழப்புகளையும் அவ்வாறே மிகைப்படுத்தியிருப்பர் என்று எண்ணத் தலைப்படுவான். கொடுமையை மறுக்க விரும்புவோர்க்கு இதனிலும் எளிதான கருவி வேறில்லை.

பிழையிலும் பெரிது விடுபாடு. ஆண்டுதோறும் மே மாத இறுதியில் இதழ்களும் வானொலிகளும் தொலைக்காட்சிகளும் இந்நிகழ்ச்சியைத் தவறாது நினைவூட்டுகின்றன. கருகிய முகப்பின் படம், தொண்ணூற்றேழாயிரம் என்னும் எண், 'பண்பாட்டுப் படுகொலை' என்னும் தொடர் ஆகிய மூன்றும் அந்நினைவூட்டலின் நிலையான உறுப்புகளாகிவிட்டன. ஒரு பெருந்துயர் மறவாதிருக்க வேண்டுமாயின் அதற்குச் சுருக்கமான வடிவமொன்று வேண்டும் என்பது உண்மையே. படமும் எண்ணும் இல்லையேல் இந்நிகழ்ச்சி கடல்கடந்து சென்றிராது. ஆயின் அச்சுருக்கத்திற்குள் அடங்காதவை யாவை? வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட நால்வர் அடங்கவில்லை. முதலும் வாழ்வும் ஒரே இரவில் எரிந்த கடைக்காரர்களும், கடை எரிந்ததால் கூலி இழந்த சிப்பந்திகளும் அடங்கவில்லை. மறுநாள் சாம்பரை அள்ளிய நூலகச் சிற்றூழியர் அடங்கவில்லை. நூல்களின் தொகையை அறிந்த மாணவர் பலர், அவ்விரவுகளில் மனிதரும் கொல்லப்பட்டனர் என்பதை அறியார். பிள்ளையின் பிள்ளைவரை பெயரிட்டு மரண அறிவித்தல் எழுதும் ஊரில், அந்நால்வரின் பெயர் ஆண்டு நிறைவுக் கட்டுரைகளிற் காணப்படுவது அரிது.

ஒப்பு நோக்குக்கு வேறொன்று உண்டு. 2006 மே 2ஆம் திகதி 'உதயன்' பணிமனையினுள் ஆயுததாரிகள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். அவ்விதழ் தன் பணியாளரின் படங்களுக்கு மாலையிட்டு அந்நாளை நினைவுகூர்ந்து வருகின்றது. அங்கு நினைவு எண்ணாகச் சுருங்கவில்லை. முகமும் பெயரும் உடையதாயிருக்கின்றது. பத்திரிகை தன் வீட்டுச் சாவை நினைவுகூரும் முறையில் ஊர்ச்சாவையும் நினைவுகூர்தல் இயலாததன்று என்பதை இது காட்டுகின்றது.

ஒரு நிகழ்ச்சியை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்பதும் நினைவை வடிவமைக்கின்றது. தெற்கில் எழுதப்பட்டவற்றுட் பல, பொலிசார் சுடப்பட்டதிலிருந்து தொடங்கி, நூலகத்தை அதன் பின்விளைவுகளுள் ஒன்றாகக் கூறி முடிகின்றன. வடக்கில் எழுதப்படுபவற்றுட் பல, தீயிலிருந்தே தொடங்குகின்றன. கோயிலடிக் கூட்டத்தைக் கூறுவதில்லை. இருவர் சுடப்பட்டமை ஒரு நூலகத்தை எரித்தற்கு நியாயமாகாது. சட்டத்தைக் காக்க வேண்டியவரே தீயிட்டமையின் கொடுமையும் குறையாது. ஆயினும் முழுவதையும் கூறும் வரலாறே எதிரியின் வாயை அடைக்கவல்லது. தனக்கு இடரான செய்தியையும் தானே கூறிவிடுபவனின் சாட்சியம் மன்றில் உறுதிபெறுவது போன்றதே இதுவும்.

இவ்விடத்தில் பெல்ஜிய நாட்டு லூவென் நகரின் வரலாறு துணைசெய்யும். 1914 ஓகஸ்ட் 25ஆம் திகதி இரவு ஜேர்மனியப் படையினர் அந்நகரின் பல்கலைக்கழக நூலகத்திற்குத் தீயிட்டனர். ஏறத்தாழ மூன்று இலட்சம் நூல்கள் எரிந்தன என்பர். நேசநாடுகளின் பத்திரிகைகள் அச்செய்தியை உலகெங்கும் முழங்கின. 1919இல் எழுதப்பட்ட வேர்சாய் உடன்படிக்கையின் 247ஆம் உறுப்புரை, எரிந்தவற்றுக்கு ஈடான நூல்களையும் சுவடிகளையும் ஜேர்மனி வழங்க வேண்டுமென விதித்தது. சாம்பரான நூலகமொன்று உலக உடன்படிக்கையில் இடம்பெறுமளவிற்கு அச்செய்தியின் குரல் ஒலித்தது. யாழ்ப்பாணத்திற்கு அத்தகைய குரல் வாய்க்கவில்லை. ஆனால் லூவெனின் மறுபக்கமும் அறியத்தக்கது. அந்நாள்களில் அந்நகர மக்கள் 248 பேர் கொல்லப்பட்டனர்; உலகின் நினைவில் நின்றதோ பெரும்பாலும் நூலகமே. மேலும், அக்காலப் பத்திரிகைகள் உண்மைக் கொடுமைகளுடன் புனைந்த கொடுமைகளையும் கலந்து எழுதின. போர் முடிந்தபின் பொய்கள் வெளிப்பட்டன. அதனால் வாசகர் உள்ளத்திற் படிந்த ஐயம், அடுத்த உலகப்போரில் யூதர் கொல்லப்பட்ட உண்மைச் செய்தி வந்தபோது அதனையும் பலர் நம்பத் தயங்குவதற்கு ஒரு காரணமாயிற்று. துயரத்தை மிகைப்படக் கூறிய பத்திரிகைகளின் கடனை, பின்னொரு துயரத்துக்கு ஆளானோர் செலுத்த நேர்ந்தது.

நினைவை வடிவமைப்பது பத்திரிகை மட்டுமன்று. கட்டடமும் அதனைச் செய்கின்றது. எரிந்த சுவர்களை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டுவைக்க வேண்டுமென்ற கருத்து 1980களிலேயே இருந்தது. 1990களின் பிற்பகுதியில் அரசு, நாடெங்கும் நூலும் செங்கல்லும் திரட்டும் இயக்கமொன்றை நடத்திப் பழைய மாளிகையையே மீளக் கட்டுவித்தது. 2003 பெப்ரவரி 14இல் நடைபெறவிருந்த திறப்புவிழா எதிர்ப்பின் காரணமாகக் கைவிடப்பட்டது. வெள்ளைச் சுவர் எழுந்தால் கரிய சுவர் மறக்கப்படும் என்று சிலர் அஞ்சினர். திறந்துவைக்கவிருந்த மாநகர முதல்வர் செல்லன் கந்தையன் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் என்பதே எதிர்ப்பின் உட்கருத்து என்று வேறு சிலர் குற்றஞ்சாட்டினர். எந்தப் பத்திரிகையைப் படித்தாரோ அதற்கேற்ப வாசகர் ஒன்றை நம்பி மற்றையதை மறந்தனர். 2016 டிசம்பரில் அன்றைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க பாராளுமன்றத்தில் நூலக எரிப்புக்கு மன்னிப்புக் கோரினார். முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் வந்த அச்சொற்களும் நூலகத்தையே குறித்து நின்றன. நூலகத்தின் பெயர் நினைவில் நிலைத்தமையால் அதற்கு மன்னிப்புக் கிட்டியது. பெயர் நிலைக்காதோர்க்கு எவரும் மன்னிப்புக் கோரியிலர். நினைவின் வடிவம் வெறும் ஏட்டுப் பிரச்சினையன்று என்பதற்கு இதுவே சான்று. எது நினைக்கப்படுகின்றதோ அதற்கே நீதி கேட்கப்படுகின்றது.

எனவே செய்யத்தக்கது யாது? 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் பழைய 'ஈழநாடு' இதழ்கள் பலவும் இன்று எவரும் படிக்கக் கூடியவாறு ஏற்றப்பட்டுள்ளன. எரித்தவர் எண்ணியதற்கு மாறாக, அச்சுத்தாள் வேறு வடிவில் மீண்டும் வந்துவிட்டது. அவ்விதழ்களையும் அக்கால அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் படித்து, நாளையும் தொகையையும் பெயரையும் சரிபார்த்தல் பல்கலைக்கழக மாணவர்க்கு இயலாத பணியன்று. அன்று இருபது வயதினராயிருந்தோர் இன்று அறுபது கடந்தோர். அவர்களுள் கடைக்காரரும், அச்சுக்கோத்தவரும், நூலக வாசகரும் உளர். அவர்கள் வாய்மொழி இன்னும் சில ஆண்டுகளே கிடைக்கும். பின்னர் அவர்களின் கல்வெட்டுகளே எஞ்சும். ஆண்டு நிறைவு நாளில் பழைய கட்டுரையையே மீண்டும் அச்சிடுவதைவிட, அந்நாள்களைக் கண்ட ஒருவரின் சாட்சியத்தை ஆண்டுக்கொன்றாக வெளியிடும் பத்திரிகை, 1981இல் எழுத முடியாமற் போன மறுநாட் செய்தியைச் சிறிது சிறிதாக எழுதி முடித்ததாகும்.

அவ்வாறு எழுதும்போது பின்பற்றத்தக்க நடை யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு சகோதரன், இன்ன நாளில் இறந்தார் என்ற நடையே அது. அதில் மிகையில்லை, விடுபாடும் இல்லை. தொண்ணூற்றேழாயிரம் நூல்களை நினைவில் வைத்திருக்கும் ஊர் அந்நால்வருக்கும் இவ்வறிவித்தலை எழுதக் கடமைப்பட்டுள்ளது.